பெஸ் மாரப்பனுக்கு வந்த அட்டை

1

நேற்றுத் தபாலில் ஓர் அட்டை வந்தது. அதன் மேல் அச்சடித்திருந்த பெயர்: பெஸ் மாரப்பன்.

பெஸ் எங்கள் நாய். மாரப்பன் என் அப்பா. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடம் கோழிப்பண்ணை நடத்தியவர். நாயை ஒரு நாளும் வாசற்படி தாண்டி உள்ளே விட்டதில்லை. பாஸ்போர்ட் எடுத்தபோது என் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்படி விரிந்த அப்பாவின் பெயர் இந்த நாட்டில் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. வங்கியில் என்னை மிஸஸ் மாரப்பன் என்று கூப்பிடுகிறார்கள். அதாவது என் அம்மா! திருத்தக் கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. நாயை என் பெயரில் பதிந்ததால் அதற்கும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். மகள் இனியாவுக்கு அவள் அப்பா பெயர். ஆக, இந்தத் தீவில் மாரப்பன் பெயரைச் சுமப்பது நானும் ஒரு நாயும்தான். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

வருடாந்தரத் தடுப்பூசிக்கு நேரமாகிவிட்டது, பின்பக்கக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்று அட்டை சொன்னது. இனியா அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தாள். பின்பக்கத்தில் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. போன வருடம் அதையே என்னிடம் இரண்டு பேர் நேரில் கேட்டார்கள். முதலில் கேட்டவளிடம் பொய் சொன்னேன்.

2

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே, வரைபடத்தில் எறும்பு அளவுக்குத் தெரியும் ஒரு தீவு. மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். நான் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவர் சரவணன் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்கிறார். மூன்று வாரம் கடல், மூன்று வாரம் வீடு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக் குடும்பம் அவருடையது. அவர்கள் தண்ணீருக்குப் போர் போட்டார்கள், இவர் எண்ணெய்க்குப் போடுகிறார்.

பெஸ்ஸைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு டானல்ட். ஆடு வளர்க்கிறவர். ஆட்டைக் கண்டால் ஓடி ஒளிகிற மேய்ச்சல் நாயை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இனியா கேட்டாள், கொடுத்துவிட்டார். பதின்மூன்று வயதில் அவள் என்னிடம் பேசுவதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் பாதி தோளைக் குலுக்குவதுதான். ஆனால் நாயிடம் மட்டும் தமிழ். குட்டியாக வந்த நாளிலிருந்து, எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி, நான் அதை "வா சாமி, உக்காரு சாமி" என்று பழக்கியதால் அதற்கு வேறு பாஷை புரியாது. என் மகள் வாயில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் அவள் நாயோடு விளையாடும்போது சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றிருக்கிறேன்.

நாய் வந்ததும் அதை ஒரு கால்நடை கிளினிக்கில் பதிய வேண்டும் என்றார்கள். ஒரே இடத்தில்தான் பதியலாம். அவசரம் என்றால் அவர்கள்தான் பொறுப்பு. எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எங்கள் தீவிலேயே படகுத்துறைக்குப் பக்கத்தில், பழைய மீன் கிடங்கில் நடக்கும் கிளினிக். டாக்டர் பெயர் மோராக். மற்றது, படகில் ஐம்பது நிமிடம் போக வேண்டிய பெரிய தீவில் இருப்பது.

நான் மோராக்கின் கிளினிக்குக்கு மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் ஓர் ஆள் இல்லை, ஒரு பூனை இல்லை. கதவோரம் சேறு பூசிய கம்பூட்ஸ், யாரும் எடுக்காமல் அடிக்கும் போன். மூன்றாம் முறை டாக்டரே வந்தார். அறுபது வயதிருக்கும், தலைமுடியில் வைக்கோல், மேலெல்லாம் ஆட்டு வாடை. கை கொடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான். அவருக்கும் புரிந்தது.

பெரிய தீவுக்குப் போனேன். கூடம் நிறையக் கூட்டம். கூடையில் பூனை, மடியில் நாய், ஒரு கிழவர் கையில் ஆமைகூட இருந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அங்கேயே பதிந்துவிட்டேன்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா உள்ளூர் டாக்டரைத் தாண்டி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போவாள். விடியும் முன்பே போய் டோக்கன் வாங்க வேண்டும், மதியம் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கூட்டம்தான் அவருக்குச் சான்றிதழ். "ஈ ஓட்டற டாக்டருகிட்ட எதுக்குங்க போகோணும்? கைராசி இருந்தாக் கூட்டம் வராதா?" என்பாள். நானும் நர்ஸ் படிப்பெல்லாம் படித்துவிட்டு, கைராசி பார்த்துத்தான் நாய்க்கு டாக்டர் பிடித்தேன்.

"படகு ஓடாத நாளில் என்ன செய்வாய்?" என்று டானல்ட் கேட்டார். ஒரு நாள் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள முடியாதா என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

3

போன வருடம் பிப்ரவரியில் பெஸ்ஸுக்குச் சொறி வந்தது. காதோரம் முடி உதிர்ந்து, ராப்பகலாகச் சொறிந்துகொண்டே இருந்தது. பெரிய தீவில் நாள் வாங்கினேன். காற்று அதிகம் என்று படகு நின்றது. மறுபடியும் வாங்கினேன். மறுபடியும் நின்றது. நாய் காதைக் கிழித்து ரத்தமாக்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் டானல்ட் வீட்டுக் கொட்டகையில் ஆட்டுப் பூச்சி மருந்துப் புட்டியைப் பார்த்தேன். லேபிளைப் படித்ததும் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது. இதே மருந்தைத்தானே ஊரில் ஆட்டுக்கும் கொடுப்போம், சொறி பிடித்த காவல் நாய்க்கும் கொடுப்போம்! மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், அப்பா கண்ணளவில் ஊற்றுவார், பத்து நாளில் நாய் மினுமினுவென்று ஆகிவிடும். அடியில் கொஞ்சம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தோட்டத்து ஆட்டுக்குட்டிக்கு என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்துக்கொள் என்றார். எங்களிடம் ஆட்டுக்குட்டி எதுவும் இல்லை என்பது அவருக்கு அப்போது நினைவு வரவில்லை.

இனியா பள்ளியில் இருந்தாள், சரவணன் கடலில். ஒரு சிரிஞ்சில் கண்ணளவாக எடுத்து நாயின் கடைவாயில் ஊற்றினேன். சமர்த்தாக விழுங்கி என் கையை நக்கியது.

சனிக்கிழமை காலை பெஸ் நடக்கும்போது பின்கால்கள் குறுக்கே பின்னிக்கொண்டன. பத்து மணிக்குச் சுவரில் போய் முட்டியது. வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகியது. கண்மணி முழுக்க விரிந்து, கண் இரண்டும் கறுப்பாகத் தெரிந்தன. இனியா அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். நாய் இமைக்கவில்லை.

"அம்மா, இதற்கு ஏதாவது கொடுத்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லையே" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று இன்றும் நம்ப ஆசைப்படுகிறேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், அடுப்படியில் இருந்த புட்டியை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

பெரிய தீவு கிளினிக்குக்குப் போன் செய்தேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு ஆங்கிலமாகிவிட்டது. லூஸ் மோஷனும் போகிறது என்றேன். எதிர்முனையில் இருந்த பெண், என்ன மோஷன் என்று மூன்று முறை கேட்டாள். கடைசியில் இனியா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பேசினாள். இன்று படகு இல்லை, நாளையும் சந்தேகம், உடனே மோராக்கைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வருடத்துக்கு முன்பு வேண்டாம் என்று விட்டுவந்த ஆளைக் கூப்பிட வேண்டும். மோராக்கின் கைப்பேசி எண் டானல்டிடம் இருந்தது. "நாங்கள் உங்களிடம் பதியவில்லை" என்றுதான் ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார் மோராக். பின்னால் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. "கிளினிக்கை நான் பூட்டுவதில்லை. உள்ளே போய் நாயைத் தரையில் படுக்க வையுங்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்."

4

கிளினிக்கில் அதே வெறுமை, அதே கம்பூட்ஸ். பெஸ்ஸைப் போர்வையோடு தரையில் கிடத்தினோம். உடம்பு விட்டு விட்டு நடுங்கியது. இனியா பக்கத்தில் படுத்து அதன் காதில், "எந்திரி சாமி, எந்திரி சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தேன். முன்பு வந்தபோதெல்லாம் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்ததால் அது கண்ணில் படவில்லை. தீவில் இருக்கும் அத்தனை பண்ணைகளின் பெயரும் அதில் இருந்தன. எந்தப் பண்ணைக்கு எப்போது போக வேண்டும், எந்த ஆடு முடியாமல் கிடக்கிறது, யாருடைய பசு சினை என்று நெருக்கமாக எழுதியிருந்தது. நான் தேடிய கூட்டமெல்லாம் அந்தப் பலகையில் இருந்தது. அவர்கள் யாரும் இங்கே வருவதில்லை, இவர்தான் அவர்களிடம் போகிறார். ஊரில் எங்கள் பண்ணைக்கும் டாக்டர் பைக்கில்தானே வருவார்? ஆயிரக்கணக்கான கோழிகளைத் தூக்கிக்கொண்டு நாங்களா வரிசையில் நின்றோம்? பண்ணையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

போன் அடித்தது. அப்பா. சனிக்கிழமைதோறும் அவருக்குச் சாயங்காலமானதும் கூப்பிடுவார். வெளியே போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதே மருந்துதானே சாமி? நம்ம நாய்க்கெல்லாம் குடுத்திருக்கறமே?"

"ஆமாங்கப்பா. இது பொழைக்குமான்னே தெரியல."

"டாக்டரு வந்துட்டாங்களா?"

"வாராங்க."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "நீ குடுத்தேன்னு சொல்லிக்கிட்டு இருக்காத கண்ணு. வெளியூருல இருக்கற. போலீசு அது இதுன்னு ஆயிரப்போவுது. புள்ளையும் பக்கத்துல இருக்குது. அவிங்க பார்த்துக் கண்டுபிடிச்சுக்குவாங்க."

அவர் சொன்னதும் என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. முப்பது வருடத்துக்கு முன்பு அதே கை பள்ளிக்கூடப் பைக்குள் போயிருக்கிறது.

எனக்குப் பதினோரு வயது. பண்ணையில் கோழிகள் தலையைத் தொங்கப் போட்டு நின்றன, முட்டை குறைந்தது. இன்னொரு பண்ணைக்காரர் பேச்சைக் கேட்டு அப்பா ஏதோ பொடியைத் தண்ணீரில் கலந்துவிட்டார். நோய் அதற்கு அடங்கவில்லை. அதன் பிறகுதான் டாக்டருக்கு ஆள் அனுப்பினார். பைக் சத்தம் கேட்டதும் பொடிப் பாக்கெட்டை என் கையில் திணித்து, கண்ணாலேயே பையைக் காட்டினார். டாக்டர் வந்து, செத்த கோழி ஒன்றை அங்கேயே அறுத்துப் பார்த்தார். "தண்ணில என்ன போட்டீங்க மாரப்பன்?" என்று கேட்டார்.

"பச்சத் தண்ணிதானுங்க சார்."

டாக்டர் அதை நம்பித் தன் மருந்தை எழுதிக் கொடுத்தார். இரண்டு மருந்தும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. மூன்று நாளில் கொட்டகையில் பாதிக் கூண்டு காலி. குழி தோண்டப் பொக்லைன் வந்தது. பாக்கெட் ஒரு வாரம் என் பையில் கணக்குப் புத்தகத்துக்கு நடுவே இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் அதைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

மோராக்கின் வண்டி வந்து நின்றது. "வெச்சர்றேனுங்கப்பா" என்று போனை அணைத்தேன்.

5

மோராக் கையைக் கழுவிக்கொண்டே கேள்வி கேட்டார். எப்போது ஆரம்பித்தது? தோட்டத்து நத்தைக்கு வைக்கும் விஷம் எங்காவது கிடந்ததா? எலிப் பாஷாணம்? இனியா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நடுக்கம் அதிகமாகி, நாயின் கால்கள் தரையில் தடதடவென்று அடித்தன.

"முதலில் இந்த நடுக்கத்தை அடக்கி அமைதிப்படுத்த வேண்டும்" என்று சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார். நாயின் முன்காலைப் பிடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்களாக எந்த மருந்தும் கொடுக்கவில்லையே?" என்றார்.

இனியா எனக்காகப் பதில் சொன்னாள். "இல்லை. நான் ஏற்கெனவே அம்மாவிடம் கேட்டுவிட்டேன்."

ஊசி முனை தோலுக்கு அருகே போனது. இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. இரண்டு பாஷையில் பரீட்சை எழுதியிருக்கிறேன், நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்குச் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

"நாந்தான் குடுத்தேன்" என்றேன். "நேத்து நாந்தான் குடுத்தேன்."

மோராக்குக்குப் புரியவில்லை. இனியாவுக்குப் புரிந்தது. என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. ஆனால் அவள் அழவில்லை, கத்தவில்லை. டாக்டரின் கையை எட்டிப் பிடித்து, "நிறுத்துங்கள். அம்மா ஏதோ கொடுத்திருக்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினேன். மோராக் லேபிளைப் படித்தார். எவ்வளவு? காட்டினேன். எத்தனை மணிக்கு? சொன்னேன். ஏற்றிய ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகுதான் விளக்கினார். இந்த மேய்ச்சல் ஜாதி நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டாம். மற்ற நாய்க்கு ஒன்றும் செய்யாத இந்த மருந்து இவற்றுக்கு மூளைக்குள் ஏறிவிடுமாம். நம் ஊர் நாய்க்கு அந்தக் குறை கிடையாது, அதனால்தான் அப்பாவின் கண்ணளவு ஒருநாளும் தப்பவில்லை. "முதலில் போட இருந்த ஊசியும் இதற்கு ஆகாது" என்றார் மோராக். "போட்டிருந்தால் மூச்சு நின்றிருக்கலாம். இப்போதும் மாற்று மருந்து கிடையாது. உள்ளே போனது வெளியேறும் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்."

6

நான்கு நாள் பெஸ் கண் திறக்கவில்லை. நரம்பில் சலைன் ஏறியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலில் சளி கட்டும். அது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை. முதியோர் இல்லத்தில் தினமும் செய்வது. மோராக் பண்ணைகளுக்குப் போகும்போது நானும் இனியாவும் மாற்றி மாற்றிப் புரட்டினோம். ஆளுக்கு ஒரு பக்கம் போர்வையைப் பிடித்துத் தூக்குவோம். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது தூக்க வேண்டும் என்பதைக்கூட நாயைப் பார்த்தே சொன்னாள்.

கடையில் ரொட்டி வாங்கப் போனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், வேறெதுவும் கேட்கவில்லை. டானல்ட் மட்டும் வாசலில் வந்து நின்று, "எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் பெஸ்ஸின் வால் ஒருமுறை அசைந்தது. எட்டாம் நாள் எழுந்து நின்று தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. கண் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. அதுவரை இனியாவின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. "வா சாமி. இங்க, இங்க" என்று அவள் பின்னோக்கி நடந்து போவாள். அந்த ஒரு வாரத்தில் அவள் பேசிய தமிழை அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் பேசியிருக்க மாட்டாள். என்னோடு இல்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா கூப்பிட்டார்.

"நாய் பொழைச்சுக்கிச்சா?"

"பொழைச்சுக்கிச்சுங்கப்பா. நான் டாக்டருகிட்டச் சொல்லிட்டேன்."

"திட்டுனாங்களா?"

"இல்லீங்கப்பா."

அப்பா தானாகவே ஆரம்பித்தார். "அந்தப் பண்ணை டாக்டரு, அதுக்கப்பறம் ரெண்டு வருசம் நம்மூட்டுக்கு வாரப்பெல்லாம் கேப்பாரு. நாங் குடுத்த மருந்துலதான் போயிருச்சோ மாரப்பன்னு. இல்லீங்க சாரும்பேன். அதுக்கு மேல வாய் வராது." தொண்டையைச் செருமினார். "அவுரு போயிச் சேர்ந்துட்டாரு சாமி. இல்லீனா இப்பப் போயிச் சொல்லிப்போடலாம்."

நான் அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். நாய்க்குச் சோறு வைக்கிறார்களா பிஸ்கட் வைக்கிறார்களா என்று வேறு பேச்சுக்குப் போனார்.

7

அந்தப் பிப்ரவரி கழிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பெஸ் இப்போது மோராக்கிடம் பதிந்த நாய். பெரிய தீவு கிளினிக்கிலிருந்து பெயரை எடுக்க மூன்று படிவம், ஒரு கையெழுத்து, மாரப்பன் என்பது யார் என்று ஒரு விளக்கம். இனியாவே எல்லாம் நிரப்பினாள். என்னோடு பேச ஆரம்பித்தும் மாதங்கள் ஆகின்றன. தோளைக் குலுக்குவதும் திரும்பி வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் வீட்டில் எந்த மருந்துப் புட்டியைத் திறந்தாலும், என் தலைவலி மாத்திரையானாலும், அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். நான் கோபப்படுவதில்லை.

இன்று காலை அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வயது, எடை, உணவு என்று மளமளவென்று எழுதினாள். நான்காவது கேள்வியில் பேனா நின்றது. 'கடந்த ஆண்டில் மருத்துவரிடம் கேட்காமல் ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா?'

தலையைத் தூக்கினாள். "குடுத்தியாம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

"இல்ல சாமி."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவளும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு இனியா குனிந்து எழுதினாள். அவள் பள்ளிக்குப் போன பின்பு எடுத்துப் படித்தேன்.

'இல்லை. அம்மாவிடம் கேட்டேன்' என்று எழுதியிருந்தாள். பிறகு, அன்று மோராக்கிடம் சொன்ன அந்த 'அம்மாவிடம் கேட்டேன்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே சின்ன எழுத்தில், 'அம்மா சொன்னாள்' என்று திருத்தியிருந்தாள்.